பழைய சாகாவுக்கு டர்போ இன்ஜின்: தகடும் பிரேக்கும் கிராண்டும் சரியான பிறகே

கோலாலம்பூர் - பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்திலும், கிள்ளான் தாமான்களின் வீட்டு வாசலிலும், காப்பார் பக்கத்துத் தோட்ட லயங்களிலும் தார்ப்பாய் போர்த்திய பழைய புரோட்டோன் சாகா ஒன்றை இன்றும் பார்க்கலாம். பல குடும்பங்களில் அதுதான் அப்பா வாங்கிய முதல் கார். அதே காரை மகன் இன்று பட்டறைக்குக் கொண்டுபோய், "பழையபடி அழகாக்க வேண்டும், டர்போ இன்ஜினும் போட வேண்டும்" என்கிறார்.

ஆசையில் தவறில்லை. வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கையில் இருக்கும் பணம் முழுவதும் முதல் நாளே இன்ஜினுக்குப் போய்விடுகிறது. துருப்பிடித்த தகடு, பழைய பிரேக், ஜேபிஜே பதிவு மூன்றும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போகின்றன. அந்தப் பிறகு வருவதற்குள் கார் சாலைக்கு வந்துவிடுகிறது. எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

சாகா ஏன் இவ்வளவு பொருத்தமாகிறது?

1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா அறிமுகமானது. ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே மாடலை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலம் தொழிற்சாலையில் அது உருவானது. அந்த ஷா ஆலம் நகரமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலம். அங்கிருந்து வெளிவந்த முதல் சாகா இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

முதலில் வந்தது 1.3 லிட்டர் இன்ஜின். அடுத்து 1.5 லிட்டர் வந்தது. 1992இல் சாகா இஸ்வாரா வந்தது. இவற்றின் இன்ஜின்கள் மிட்சுபிஷியின் 4ஜி1 குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆரம்ப சாகாவின் திறன் சுமார் 70 குதிரைத்திறன். காரின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு.

சாகாவை மாற்றியமைப்போருக்கு இது இரண்டு வகையில் வசதி. முதலாவது, கார் இலேசானது; சற்றே கூடுதல் திறன் வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும். இரண்டாவது, மிட்சுபிஷி உறவு. அதே நிறுவனத்தின் டர்போ இன்ஜின்கள் ஜப்பானிலிருந்து 'ஹாப்கட்' என்ற பெயரில் போர்ட் கிள்ளான் வழியாக இங்கே வருகின்றன. ஹாப்கட் என்பது பழைய காரின் முன்பாதியை அப்படியே வெட்டி அனுப்புவது. இன்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங், கணினிப் பெட்டி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

எந்த இன்ஜின்?

அதிகம் பேசப்படுபவை மூன்று.

முதலாவது, 1,834 சிசி கொண்ட 4ஜி93 டர்போ. லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் இது 195 குதிரைத்திறன் தந்தது.

இரண்டாவது, 1,997 சிசி கொண்ட 4ஜி63 டர்போ. 1992இல் வந்த முதல் லான்சர் எவலூஷனில் இதன் திறன் 250. நம் நாட்டு ரேலி வீரர் கரம்ஜித் சிங் 2002இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றது புரோட்டோன் பெர்ட் காரில். அந்தக் காருக்கு அடிப்படை லான்சர் எவலூஷன்தான். இந்த இன்ஜினுக்கு இங்கே இவ்வளவு மரியாதை இருப்பதற்கு அந்த வெற்றியும் ஒரு காரணம்.

மூன்றாவது, புரோட்டோனின் சொந்தத் தயாரிப்பான 1,561 சிசி சிஎஃப்இ டர்போ. 2011இல் எக்சோரா போல்ட் காரில் வந்தது. 138 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. உள்ளூர் இன்ஜின் என்பதால் உதிரிபாகம் தேடுவது எளிது.

ஜிஎஸ்ஆர், எவலூஷன் ஆகியவை நான்கு சக்கரமும் இழுக்கும் கார்கள். சாகா முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார். அதனால் ஹாப்கட்டில் வரும் கியர்பாக்ஸை அப்படியே மாட்டிவிட முடியாது. முன்சக்கர இழுவைக்கான கியர்பாக்ஸ், அதற்குப் பொருந்தும் டிரைவ் ஷாஃப்ட், புதிய இன்ஜின் மவுண்டிங் எல்லாம் தேவை. "இன்ஜின் விலை இவ்வளவுதான்" என்று கடையில் சொல்வது மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே.

டர்போ என்ன செய்கிறது?

சாதாரண இன்ஜின் தன் சொந்த மூச்சில் காற்றை இழுக்கிறது. டர்போ இன்ஜினுக்குக் காற்று அழுத்தித் திணிக்கப்படுகிறது. வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. அதிகக் காற்று போனால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம்; திறன் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905இலேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இதற்கு ஈடாக இன்ஜின் தாங்க வேண்டியவை மூன்று. ஒன்று வெப்பம்: டர்போ வழியே செல்லும் புகையின் சூடு 800 டிகிரி செல்சியசைத் தாண்டும். இரண்டு வேகம்: டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைக் காப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. மூன்று அழுத்தம்: சிலிண்டருக்குள் கலவை நேரத்துக்கு முன்பே தானாக வெடித்தால் பிஸ்டன் உடையும். எவலூஷன் ஒன்றின் இன்ஜினில் அமுக்க விகிதத்தை 8.5 என்று தாழ்த்தி வைத்திருப்பது இதனால்தான். பழைய சாகா இன்ஜினிலேயே டர்போவை மட்டும் வாங்கி மாட்டினால் நீடிக்காது என்று அனுபவசாலிகள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

படி 1: தகடு

நம் நாட்டு மழையும் ஈரமும் பழைய காருக்குப் பெரிய எதிரிகள். வண்ணம் பளபளப்பாக இருக்கலாம். அடியில் தகடு தாள் போல ஆகியிருக்கும். பேட்டரி வைக்கும் தட்டு, முன் சஸ்பென்ஷன் கோபுரங்கள், கண்ணாடியின் கீழ் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், பூட் தரை ஆகியவற்றைத் தரைவிரிப்பை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். போனால் அங்கே இருப்பது தகடல்ல, புட்டியும் துருவும்தான்.

இன்ஜினின் இழுவையும் சாலையின் அதிர்ச்சியும் கடைசியில் வந்து சேர்வது இந்தத் தகட்டில்தான். 4ஜி63இன் பிளாக் வார்ப்பிரும்பு. சாகாவின் இன்ஜினைவிடக் கனமானது. துருப்பிடித்த கோபுரத்தின் மேல் அந்தக் கனத்தை ஏற்றினால் வெல்டிங் விட்டுப்போகும். அதனால் துருவை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைப்பது முதல் வேலை. மேலே ஒட்டுத் தகடு வைத்து மூடினால் துரு உள்ளேயே வளரும்.

வேறொருவரிடமிருந்து சாகா வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உட்படக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. சீட்டின் அடித் தண்டவாளத்தில் சேறு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் தெரியும் கறை, விளக்குகளுக்குள் நீர்க்கோடு ஆகியவை வெள்ளம் பார்த்த காரின் அடையாளங்கள்.

படி 2: பிரேக்

சாகாவின் பிரேக் முன்னே சிறிய டிஸ்க், பின்னே டிரம். 70 குதிரைத்திறனுக்கு அது போதும். மூன்று மடங்கு திறனுக்குப் போதாது.

கணக்கு எளிது. ஓடும் காரில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 60 கிலோமீட்டரிலிருந்து 120 கிலோமீட்டருக்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு. நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். சிறிய டிஸ்க் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பழைய பிரேக் எண்ணெயில் ஈரம் கலந்திருந்தால் அது கொதித்துக் குமிழியாகும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

அதனால் இன்ஜின் வாங்கும் முன்பே பெரிய முன் டிஸ்க், நல்ல பேட், புதிய ரப்பர் குழாய்கள், புதிய மாஸ்டர் பம்ப், புது எண்ணெய் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். வீராவின் பெரிய இன்ஜின் மாடல்கள், சத்ரியா ஜிடிஐ போன்றவற்றின் பாகங்களைப் பலர் தேடுகிறார்கள். பொருத்தம் மாடலுக்கு மாடல் மாறும். அளந்து பார்த்த பிறகே வாங்குங்கள். டயர், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவையும் இதே கணக்கில் சேர்ந்தவை. காருடன் வந்த பழைய சீட் பெல்ட்டையும் ஒருமுறை சோதியுங்கள்.

படி 3: கிராண்டும் காப்புறுதியும்

பலர் கடைசியில் வைக்கும் இந்த வேலையை இன்ஜின் வாங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

நாம் கிராண்ட் என்று சொல்லும் வாகனப் பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண்ணும் கொள்ளளவும் பதிவாகியிருக்கும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு விவரம் மாறினால் உரிமையாளர் ஜேபிஜேயிடம் தெரிவிக்க வேண்டும். வேறு வகை, வேறு கொள்ளளவு இன்ஜின் என்றால் ஜேபிஜேயின் அனுமதி, புஸ்பகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பரிசோதனை, பதிவேட்டில் திருத்தம் என்று வேலை இருக்கிறது. எல்லா மாற்றத்துக்கும் அனுமதி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எந்த இன்ஜின், எந்தக் கார் என்று எழுதி எடுத்துக்கொண்டு ஜேபிஜே முகப்பில் கேட்டுவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

இன்ஜின் வாங்கும்போது கடையின் முத்திரையுடன் கூடிய ரசீதில் இன்ஜின் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி இன்ஜின் என்றால் சுங்க ஆவணத்தின் நகலையும் கேளுங்கள். எண் சுரண்டப்பட்ட இன்ஜினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொட வேண்டாம். அது திருட்டுக் காரிலிருந்து வந்ததாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்; கார் இன்னும் அவர் பெயரிலேயே நிற்கும். உரிமையாளர் பெயரை மாற்றாமல் இன்ஜின் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. வாரிசு உரிமை தொடர்பாக அமானா ராயா போன்ற அமைப்பின் ஆவணத்தைப் பெற்றுப் பெயரை மாற்றுவது முதல் வேலை. சகோதர சகோதரிகளின் சம்மதமும் தேவைப்படலாம் என்பதால் வீட்டில் பேசி முடித்துவிடுவது நல்லது.

சாலை வரியும் மாறும். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள சலூன் காருக்கான வரி, இன்ஜின் கொள்ளளவுப்படி ஓராண்டுக்கு இப்படி வரும்:

- சாகா 1.3 லிட்டர்: 70 வெள்ளி
- சாகா 1.5 லிட்டர்: 90 வெள்ளி
- சிஎஃப்இ டர்போ, 1,561 சிசி: 90 வெள்ளி
- 4ஜி93 டர்போ, 1,834 சிசி: 297 வெள்ளி
- 4ஜி63 டர்போ, 1,997 சிசி: 378 வெள்ளி 50 காசு

ஆண்டுக்கு இருநூறு, முந்நூறு வெள்ளியை மிச்சப்படுத்தப் பதிவை மாற்றாமல் விடுபவர்கள் காப்புறுதியை மறந்துவிடுகிறார்கள். காப்புறுதி நிறுவனத்திடம் சொன்னது 1.3 லிட்டர் கார். சாலையில் ஓடுவது 2 லிட்டர் டர்போ. விபத்து நடந்தால் உங்கள் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். விபத்தில் காயமடைந்த மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் பணம் கொடுத்தாலும், அந்தத் தொகையை உங்களிடமிருந்து திரும்பக் கேட்கலாம். அது சில நூறு வெள்ளி அல்ல. ஒரு குடும்பத்தின் வீட்டையே விழுங்கக்கூடிய தொகை. மாற்றத்தை எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, நிறுவனம் ஏற்றுக்கொண்ட கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

படி 4: இன்ஜின்

இந்த மூன்றும் முடிந்த பிறகே இன்ஜின்.

ஹாப்கட் இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் காரில் ஏற்றும் முன்பே, வெளியில் வைத்தே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். எல்லாச் சிலிண்டரிலும் அமுக்கச் சோதனை செய்யுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கச் சுவரில் உரசக் கூடாது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எண்ணெய் சீல்கள் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். 4ஜி63இல் டைமிங் பெல்ட்டுடன் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கென இன்னொரு சிறு பெல்ட்டும் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் வளைந்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பெட்ரோல் வழி முழுவதும் புதிதாக வேண்டும். கார்புரேட்டர் காரின் பம்ப் தரும் அழுத்தம் மிகக் குறைவு. ஊசி வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜினுக்குச் சுமார் 3 பார் அழுத்தம் தேவை. ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தில் வெடிக்கும். வெடித்த குழாயிலிருந்து பெட்ரோல் சூடான டர்போ மேல் தெறித்தால் கார் தீப்பிடிக்கும். அதிக அழுத்தக் குழாய், சரியான கிளிப், டர்போவுக்கு வெப்பக் கவசம் ஆகியவற்றில் ஒரு வெள்ளிகூடக் குறைக்காதீர்கள். காருக்குள் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

கோலாலம்பூர் நெரிசலில் கார் நின்று நின்று போகும். வெளியே 33 டிகிரி வெயில். அதனால் பெரிய ரேடியேட்டர், வேலை செய்யும் மின்விசிறி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மூன்றும் கட்டாயம்.

கடைசியில் டியூனிங். டைனோ என்னும் சோதனை உருளையில் காரை ஏற்றி, காற்று-பெட்ரோல் விகிதத்தை அளந்து பார்த்துக் கணினியைச் சரிசெய்ய வேண்டும். எந்தப் பெட்ரோலில் ஓட்டப்போகிறீர்கள் என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். ரோன்97இல் டியூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் ரோன்95 ஊற்றி முழு அழுத்தத்தில் ஓட்டினால் இன்ஜின் தட்டத் தொடங்கும். தினசரி ஓட்டும் கார் என்றால் அழுத்தத்தைக் குறைத்து ரோன்95க்கே டியூன் செய்வது நிம்மதி.

வெட்டாதீர்கள், வீசாதீர்கள்

பழைய காரைப் புதுப்பிப்பதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்யக் கூடாது. தகட்டை வெட்டுவதற்குப் பதில் போல்ட் போட்டு மாட்டும் வழியைத் தேடுங்கள். கழற்றிய பழைய இன்ஜினை இரும்புக் கடைக்குப் போடாமல், எண்ணெய் தடவி, வாய்களை அடைத்து, மூடி வையுங்கள். முதல் சாகா வந்து 40 ஆண்டுகள் கடந்துவிட்டன. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் சாகாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. துரு இல்லாத, சொந்த இன்ஜினுடன் இருக்கும் கார் உங்களிடம் இருந்தால் அதை அப்படியே புதுப்பித்து ஓட்டுவதையும் யோசியுங்கள். டர்போ ஆசைக்கு, இன்ஜின் ஏற்கெனவே போய்விட்ட ஒரு காரைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஓட்டும் இடம்

200 குதிரைத்திறன் கொண்ட சாகாவில் காற்றுப்பையும் இல்லை, ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. பொதுச் சாலையில் அதன் வேகத்தைச் சோதிப்பது ஓட்டுபவருக்கும் எதிரே மோட்டார் சைக்கிளில் வரும் தொழிலாளிக்கும் ஆபத்து. அபாயகரமாக வாகனம் ஓட்டினால் 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இரைச்சல் மிகுந்த புகைக்குழாயும் குற்றமே. வாகன இரைச்சலுக்கென்றே 1987 முதல் தனி விதிமுறை இருக்கிறது. வேகம் வேண்டுவோருக்குச் சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் இருக்கிறது. தடம் பொதுமக்களுக்குத் திறக்கும் நாள்களில் கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து ஓட்டலாம்.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது "எவ்வளவு திறன் வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். இதே இன்ஜினை இதே காரில் முன்பு பொருத்தியிருக்கிறீர்களா, அந்தக் கார் ஜேபிஜேயில் பதிவாகியிருக்கிறதா, அதை நான் பார்க்கலாமா என்று கேளுங்கள். பிரேக்கைப் பற்றி அவர்களாகப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். முன்பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், தகடு, பிரேக், இன்ஜின், டியூனிங் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் ரசீதுடன் செலுத்துங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள். புஸ்பகோம் பரிசோதனைக்கும் காப்புறுதிக்கும், நாளை காரை விற்க நேர்ந்தாலும் அவை உதவும்.

பணம் பாதியில் தீர்ந்துபோவது இந்த வேலையில் வழக்கம். முதலில் தகடும் பிரேக்கும் முடித்திருந்தால், அப்போது உங்களிடம் இருப்பது பழைய இன்ஜினுடன் பத்திரமாக ஓடும் ஒரு நல்ல சாகா. முதலில் இன்ஜினை வாங்கியிருந்தால், இருப்பது பட்டறை மூலையில் துருப்பிடிக்கும் ஒரு கூடும், தரையில் கிடக்கும் ஓர் இன்ஜினும்தான்.